'ஃபார்மட் போட்டுடலாமா?' - உடனே தலையாட்டாதீங்க! கடலூர், சிதம்பரம் வீடுகளுக்கு ஒரு கம்ப்யூட்டர் செக்கப்

கடலூர் துறைமுகம் பக்கம் ஜன்னல் கம்பிக்கு எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் துரு எட்டிப் பார்த்துவிடும். அதே உப்புக் காற்றுதான் ஹால் மூலையில் இருக்கும் கம்ப்யூட்டருக்குள்ளும் போகிறது. ரேம் முனைகளில், கேபிள் இணைப்புகளில் மெல்லிய படலமாகப் படிகிறது. ஒருநாள் ஸ்விட்ச் போட்டால் ஃபேன் சுற்றும், லைட் எரியும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். சில கம்ப்யூட்டர்கள் 'பீப் பீப்' என்று கத்தவும் செய்யும்.

'மதர்போர்டு போச்சு' என்று முடிவு கட்ட வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். மூடியைத் திறந்து ரேமைக் கழற்றி, அதன் பளபளக்கும் முனையைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேயுங்கள். துகளைத் துடைத்துவிட்டு, 'க்ளிக்' சத்தம் கேட்கும்வரை அழுத்திப் பொருத்துங்கள். பல நேரங்களில் வைத்தியம் இவ்வளவுதான்.

இன்னொரு தொல்லை, கம்ப்யூட்டர் திடீரென்று பல வருடம் பின்னால் போய்விடுவது. தேதி தப்பாகக் காட்டும். எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் 'பாதுகாப்பில்லை' என்று எச்சரிக்கும். வைரஸ் என்று நினைத்து பணம் கொடுத்து ஃபார்மட் போட்டவர்கள் உண்டு. உண்மையில் மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்திருக்கும். பெரும்பாலும் சிஆர் 2032 என்ற வகை. எலெக்ட்ரிக்கல் கடையிலேயே கிடைக்கும். மாற்றிவிட்டு தேதியைச் சரிசெய்தால் வெப்சைட்டுகள் பழையபடி திறக்கும்.

சிதம்பரத்தில் அண்ணாமலை நகர் பக்கம் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் பிள்ளைகளின் கதை வேறு. லேப்டாப்பை மெத்தைமேல் வைத்தே வேலை பார்ப்பார்கள். அடியில் இருக்கும் காற்றுத் துளைகள் அடைபட்டு, சூடேறி, தானாக அணைந்துவிடும். ஒரு பரீட்சை அட்டையை அடியில் வைத்தாலே பாதிப் பிரச்னை தீரும். சூடே இல்லாமல் ஆமை வேகத்தில் நகர்ந்தால், பழைய ஹார்டு டிஸ்க் காரணமாக இருக்கலாம். அதற்குப் பதில் எஸ்எஸ்டி போட்டால் 2011-ல் தொடங்கிய அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தில் வந்த மெஷின்கூட ஓரளவு சுறுசுறுப்பாகும்.

ஆனால் ஹார்டு டிஸ்க்கிலிருந்து 'டிக்... டிக்...' என்று சத்தம் வந்தால் விளையாட்டு வேண்டாம். உடனே அணைத்துவிடுங்கள். அது சாகப்போகிற டிஸ்க். திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்கும் ஒவ்வொரு முறையும், உள்ளே இருக்கும் கல்யாண போட்டோவோ, பல மாத புராஜெக்ட்டோ திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு குறைகிறது. 'ஃபார்மட் போட்டுடலாமா?' என்று கடையில் கேட்டால், 'முதல்ல டேட்டாவை எடுத்துக் கொடுங்க' என்பதுதான் உங்கள் பதிலாக இருக்க வேண்டும். மெஷினை வாங்கிக்கொள்ளலாம், அந்த போட்டோவை எங்கே போய் வாங்குவது?

இந்த மாவட்டத்துக்கு அந்தக் கவலை கூடுதலாகவே உண்டு. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல், 2015-ல் பெருவெள்ளம், 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலை அடுத்து தென்பெண்ணையில் வந்த வெள்ளம். வீட்டுக்குள் தண்ணீர் நுழைந்தால் தரையில் இருக்கும் சிபியுதான் முதலில் நனையும்.

நனைந்துவிட்டதா? 'ஓடுதா பார்ப்போம்' என்று ஆன் செய்வதுதான் பெரிய தப்பு. தண்ணீரைவிட, ஈரத்தோடு பாயும் மின்சாரம்தான் சர்க்யூட்டை எரிக்கும். லேப்டாப் என்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். கழற்ற முடியாத மாடல் என்றால் அப்படியே சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். அரிசி மூட்டைக்குள் புதைப்பது வீண் வேலை. வெள்ளத்தோடு வந்த சேறையும் உப்பையும் அரிசி உறிஞ்சாது. ஹேர் டிரையர் சூடும் ஆகாது. முடிந்தால் ஹார்டு டிஸ்க்கைத் தனியாக எடுத்து, 'இதில் இருப்பதுதான் முக்கியம்' என்று சொல்லியே கொடுங்கள்.

புயலின்போது கரன்ட் போனதும் பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும். திரும்பி வரும்போது வோல்டேஜ் எகிறினால், யுபிஎஸ் இல்லாத கம்ப்யூட்டரின் பவர் சப்ளை தாங்காது. யுபிஎஸ் இருந்தாலும், அதன் பேட்டரி சில வருடங்களில் சோர்ந்துவிடும். அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஐந்து நிமிடமாவது மின்சாரம் கிடைக்கிறதா என்று மழைக்கு முன்பே சோதித்துப் பாருங்கள்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய மெஷின் என்றால் லினக்ஸ் போடலாம். ஆனால் இதற்கும் டிஸ்க்கைத் துடைக்க வேண்டிவரும் என்பதால், காப்பி எடுத்த பிறகே ஆரம்பியுங்கள்.

அந்தக் காப்பியை அதே மேஜையில் வைத்தால் பயனில்லை. ஐப்பசிக்கு முன்பே சர்டிஃபிகேட் ஸ்கேன்களையும் போட்டோக்களையும் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஏற்றி, இரண்டு பிளாஸ்டிக் கவருக்குள் சுற்றி, பத்திரங்கள் இருக்கும் பெட்டியோடு பரணில் வைத்துவிடுங்கள். இன்னொரு காப்பி வெளியூரில் இருக்கும் அக்கா வீட்டிலோ, மாமா வீட்டிலோ இருக்கட்டும்.