உங்களுக்குத் தெரியுமா? ஒரு கொமட், மூன்று சுங்க எண்கள்

மன்னாரில் புதுவீட்டுக்குப் பூட்டும் இறக்குமதிக் கொமட்டுக்குச் சுங்கப் பட்டியலில் இடம் 6910. பீங்கான் பேசினுக்கும் அதே தலைப்புத்தான். அதிலும் போர்சலின் என்றால் 6910.10, மற்றைய சுட்ட மண் வகைக்கு 6910.90. தனியே வரும் பிளாஸ்டிக் இருக்கை 3922-க்கும், தண்ணீர்க் குழாயின் திருகு 8481-க்கும் போய்விடும். ஆனால் பீங்கான் ஃபிளஷ் தொட்டிக்குள் பிளாஸ்டிக், உலோகப் பொறி பொருத்தியிருந்தாலும் அது 6910-ஐ விட்டு நகராது. பொறிக்கு அங்கே மதிப்பில்லை!

இந்த எண்முறை உலகில் நடைமுறைக்கு வந்தது 1988இல். சீனப் பீங்கான் மன்னார்க் கரையில் இறங்கியதோ அதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்கு முன். திருக்கேதீஸ்வரத்தை அடுத்த மாந்தைத் துறைமுகத்தில் 1980களில் அகழ்ந்தபோது, அந்த ஓடுகள் மேற்காசிய மெருகுச் சாடித் துண்டுகளோடு கிடைத்தன.