ரௌட்டரின் உறுப்பை மாற்றும் முறை

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் 63,000-ஐக் கணினிமயமாக்க மத்திய அரசு 2022ஆம் ஆண்டில் இசைவளித்தது. சங்கத்தில் இணையத்தைப் பகிர்ந்தளிக்கும் ரௌட்டர் நின்றுவிட்டால், உத்திரமேரூர் வட்டாரத்துச் சிற்றூரிலிருந்து வந்த அங்கத்தினர் ஒரு நாள் கூலியை இழந்து திரும்ப நேரிடும். ஆயினும் நாம் அவசரப்படலாகாது. தறியை நிறுத்திய பின்னரே அறுந்த இழையை முடிகிறோம். அதுபோல முதலில் மின் இணைப்பைத் துண்டித்தல் வேண்டும்.

முதலில் சோதிக்கத்தக்கது அடாப்டர். புதியதன் வோல்ட் அளவும் முனையமைப்பும் பழையதை ஒத்திருத்தல் வேண்டும்; ஆம்பியர் கூடலாம், குறையலாகாது. அடாப்டரைப் பிரித்தல் தகாது. துண்டித்த பின்னும் அதனுள் மின்சாரம் தங்கியிருக்கும்.

பட்டில் உராய்ந்த கையில் நிலைமின்சாரம் சேரும்; அது ரௌட்டரின் சில்லுகளைக் கெடுக்கும். பூமியிணைப்புள்ள உலோகத்தைத் தொட்ட பின்னரே உட்பலகையைத் தொடுவோம். ஒளியிழையின் முனையை உற்று நோக்கலாகாது. கண்ணுக்குப் புலப்படாத கதிர் கண்ணையே கெடுக்கும்.

கம்பிகளுக்கு அடையாளச் சீட்டு ஒட்டி, அமைப்பு விவரங்களை முன்னரே எழுதி வைப்போமாயின், அங்கத்தினரின் நாள் வீணாகாது.