ஐபிஎம் ஐ கட்டளைத் தணிக்கைப் பதிவு

கட்டளைத் தணிக்கைப் பதிவு என்பது ஐபிஎம் ஐ இயக்கு தளத்தில் ஒரு பயனரின் பெயரில் இயங்கிய கட்டளையைக் குறித்து வைக்கும் பதிவு ஆகும். 1988ஆம் ஆண்டு அறிமுகமான ஏஎஸ்/400 கணினியின் வழிவந்த இத்தளம் வணிக நிறுவனங்களில் கணக்கு, சரக்கிருப்பு முதலிய வேலைகளுக்குப் பயன்படுகின்றது. 2008ஆம் ஆண்டிலேயே இது இப்பெயரைப் பெற்றது. பதிவுகள் யாவும் கியூஏயுடிஜேஆர்என் என்னும் தணிக்கைக் குறிப்பேட்டில் சேர்கின்றன. கட்டளைப் பதிவின் வகைக்குறி சிடி என்பதாகும்.

பதிவு உருவாதல்

எல்லாக் கட்டளைகளும் தாமாகவே பதிவாவதில்லை. தணிக்கை முதலில் கணினி முழுமைக்கும் இயக்கப்பட வேண்டும். அதன்பின் 'சேஞ்ச் யூசர் ஆடிட்டிங்' கட்டளை மூலம் குறிப்பிட்ட பயனருக்குக் கட்டளைத் தணிக்கையை அமைக்க வேண்டும். ஆகவே ஒருவர் பெயரில் பதிவு இல்லை என்பதாலேயே அவர் எதுவும் செய்யவில்லை என்று கொள்ள இயலாது.

பொருள் கொள்ளுதல்

பதிவில் நேரம், பணியின் பெயர், பயனர் பெயர், கட்டளையின் பெயர், அதன் நூலகம், முழுக் கட்டளைத் தொடர் ஆகியன காணப்படும். பலரும் பயனர் பெயரைக் கண்டவுடன் முடிவுக்கு வந்துவிடுகின்றனர். தவறு பெரும்பாலும் இங்கேதான் நேர்கின்றது.

எடுத்துக்காட்டாக, விலைப்பட்டியல் கோப்பு ஒன்றை நீக்கிய கட்டளை ஒரு கணக்கு எழுத்தரின் பெயரில் பதிவாகியுள்ளது எனக் கொள்வோம். கட்டளை எங்கிருந்து இயங்கியது எனக் காட்டும் ஓரெழுத்துப் புலத்தை அடுத்துப் பார்க்க வேண்டும். அதில் 'என்' என்றிருந்தால் கட்டளை வரியிலிருந்தோ பட்டியல் தெரிவிலிருந்தோ நேரடியாக இயக்கப்பட்டது. 'ஒய்' என்றிருந்தால் சிஎல் மொழி நிரல் ஒன்று இயக்கியது. 'ஒய்' எனில் எழுத்தர் மாத இறுதி வேலையை மட்டுமே தொடங்கியிருக்கலாம். கோப்பை நீக்கியது நிரலாக இருக்கலாம். அந்நிரல் தன் உரிமையாளரின் அதிகாரத்தையும் சேர்த்துக்கொண்டு இயங்குமாறு அமைக்கப்பட்டிருந்தால், நீக்கும் அதிகாரமே இல்லாத எழுத்தரின் பெயரிலும் இத்தகைய பதிவு எழும். அவரிடம் விளக்கம் கேட்குமுன் நிரலின் மூல வரிகளைப் படிப்பதே முறை.

பணியின் பெயரிலும் ஒரு பயனர் பெயர் அடங்கியிருக்கும். தொலைவிலிருந்து தரவுத்தளத்தை அணுகும் வழங்கிப் பணிகளில் இது கியூயூசர் என்னும் பொதுப் பெயராகவே காணப்படும். அப்போது யார் சார்பில் பணி நடந்தது என்பதைத் தனியாக உள்ள பயனர் விவரப் புலமே காட்டும்.

சில பதிவுகளில் கட்டளையின் பெயரும் நூலகமும் மட்டுமே இருக்கும். இதை யாரோ அழித்ததாக ஐயுற வேண்டியதில்லை. கட்டளைகளைப் பதியாமலும் மூல வரிகளை மீட்க இடமளிக்காமலும் உருவாக்கப்பட்ட சிஎல் நிரல்களுக்கு இவ்வளவே பதிவாகும்.

கட்டளை வெற்றி பெற்றதா எனக் காட்டும் புலம் சிடி பதிவில் இல்லை. கோப்பு உண்மையில் நீங்கியதா என்பதை அறிய, பொருள் நீக்கத்தைக் குறிக்கும் டிஓ பதிவையும், அதிகாரம் மறுக்கப்பட்டதைக் குறிக்கும் ஏஎஃப் பதிவையும் அதே பணி எண்ணில் தேட வேண்டும். அவ்வகைத் தணிக்கைகளும் முன்னரே அமைக்கப்பட்டிருந்தால்தான் அவை கிடைக்கும்.