பாவித்த மீன்தொட்டி வாங்குமுன்

அலங்கார மீன் வளர்த்து விற்க விரும்பும் சகோதரிகள், பாவித்த கண்ணாடித் தொட்டி வாங்கலாமா என்று என்னிடம் கேட்பதுண்டு. வாங்கலாம். ஆனால் விலை பேசுமுன், அதற்குள் முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள். பூச்சிமருந்தோ மண்ணெண்ணெயோ வைத்த தொட்டி வேண்டாம். மூலைகளை ஒட்டியிருக்கும் சிலிக்கன் பசையில் ஊறிய நஞ்சு, கழுவினாலும் முற்றாகப் போகாது.

அடுத்து, மட்டமான தரையில் வைத்து, நீர் நிரப்பி 24 மணிநேரம் விட்டுப் பாருங்கள். 2 அடி நீளமும் 1 அடி அகலமும் 1 அடி உயரமுமான தொட்டி ஏறத்தாழ 56 லீற்றர் கொள்ளும். அந்த 56 கிலோ பாரத்தைப் பழைய ஒட்டு தாங்கவேண்டும். ஓரம் கசிந்தால் விட்டுவிடுங்கள்.

வெண்படிவை வினாகிரியால் தேய்த்து, நல்ல நீரில் பலமுறை அலசுங்கள். சவர்க்காரம் கூடாது.

மீன் செத்தாலும் கடன் தவணை நிற்காது. ஆகவே, விபரம் சொல்லத் தயங்குபவரிடம் தொட்டி வாங்காதீர்கள்.