மதிப்பீட்டு வரி மேல்முறையீடும் வழக்கறிஞரின் பங்கும்

முன்னுரை

மலேசியாவில் வீடு, கடை முதலிய சொத்துகளை உடையோர் ஆண்டுக்கு இருமுறை ஊராட்சி மன்றத்திற்குச் செலுத்துவது மதிப்பீட்டு வரியாகும். மலாய்மொழியில் இது ‘சுக்காய் தக்சிரான்’ எனப்படும்; மாநில அரசுக்குரிய நிலவரி இதனின் வேறானது. கோலாலம்பூர் மாநகர் மன்றம் 1992ஆம் ஆண்டுக்குப் பின் முதன்முறையாக 2013ஆம் ஆண்டின் இறுதியில் சொத்து மதிப்புகளைத் திருத்தியபோது, பல்லாயிரவர் எழுத்துவழி ஆட்சேபம் தெரிவித்தனர். அதனையடுத்துக் குடியிருப்புகளுக்கான வரிவிகிதம் 6 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. ஆட்சேபம் பயனற்றதன்று என்பதை இது காட்டும். எனினும், வழக்கறிஞரை எந்நிலையில் நாடுவது என்பதில் பலருக்குத் தெளிவில்லை. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மதிப்பீட்டின் அடிப்படை

தீபகற்ப மலேசியாவில் இவ்வரி 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தின்படி (சட்டம் 171) விதிக்கப்படுகின்றது. ஜொகூர் மேம்படுத்திய மதிப்பை அடிப்படையாகக் கொள்ள, பிற இடங்களில் ஆண்டு மதிப்பே அடிப்படையாகும். ஆண்டு மதிப்பென்பது, ஒரு சொத்தை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் நியாயமாக எதிர்பார்க்கத்தக்க மொத்த வாடகை. உரிமையாளர் உண்மையில் பெறும் தொகையன்று.

சான்றாக, மாத வாடகை 800 ரிங்கிட் எனின் ஆண்டு மதிப்பு 9,600 ரிங்கிட். விகிதம் 4 விழுக்காடாயின் வரி 384 ரிங்கிட். வாடகை மதிப்பு 1,200 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டால் வரி 576 ரிங்கிட்டாகும்.

ஆட்சேபம்

சட்டத்தின் 142ஆம் பிரிவு ஆட்சேபத்திற்குரிய காரணங்களை வரையறுக்கின்றது. மதிப்பு மிகையானது, சொத்து வரிக்குட்படாதது, சேர்த்து மதிப்பிட்டதைத் தனித்தனியே மதிப்பிடல் வேண்டும் என்பன அவற்றுட் சில. வருமானக் குறைவு இவற்றுள் அடங்காது. மதிப்புப் பட்டியலைத் திருத்துவதற்குக் குறித்த நாளுக்குக் குறைந்தது 14 நாட்களுக்கு முன்னர் ஆட்சேபத்தை எழுத்தில் அளித்தல் வேண்டும். விசாரணையில் உரிமையாளர் நேரிலோ அதிகாரம் பெற்ற பிரதிநிதி வழியாகவோ கருத்துரைக்கலாம்.

இந்நிலையில் வழக்கறிஞர் இன்றியமையாதவர் அல்லர். வாடகைத் தொகையே கேள்வியாதலின், அண்டை வீடுகளின் வாடகை ஒப்பந்தங்களும் கட்டடக் குறைகளைக் காட்டும் படங்களுமே வலிமையான சான்றுகள். பெரிய சொத்தாயின், பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை பெரிதும் உதவும்.

மேல்முறையீடு

ஊராட்சி மன்றத்தின் முடிவில் நிறைவில்லையெனின், 145ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தை நாடலாம். இவ்வுரிமை முன்னரே முறைப்படி ஆட்சேபித்தவருக்கு மட்டுமே உண்டு. முதற்படியைத் தவறவிட்டவருக்கு எத்துணைத் திறமையான வழக்கறிஞரும் இவ்வழியைத் திறந்துவிட இயலாது.

நீதிமன்ற நடைமுறை நுட்பமானதாதலின் இங்கு வழக்கறிஞரின் துணை வேண்டற்பாலது. தனிமனிதர் தாமே வாதிடலாம். நிறுவனங்களுக்கோ வழக்கறிஞர் கட்டாயம். வெற்றி பெற்றால் மட்டும் கட்டணம் என்னும் உடன்பாட்டை 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழிற்சட்டத்தின் 112ஆம் பிரிவு தடுக்கின்றது. ஆதலின், தோற்றாலும் கட்டணம் உண்டு என்பதை உணர்ந்து, தொகையை முன்கூட்டியே எழுத்தில் பெறுதல் நலம். மேற்காட்டிய வீட்டில் ஆண்டு வேறுபாடு 192 ரிங்கிட். ஐந்தாண்டுகளுக்கும் 960 ரிங்கிட்டே. இத்தொகைக்காக உயர் நீதிமன்றம் செல்வது வரவினும் செலவை மிகுவிக்கும்.

ஆலயம், பள்ளி, இலக்கியக் கழகம் ஆகியவற்றின் நிலை வேறு. வழிபாடு, பொதுக்கல்வி, இலாப நோக்கற்ற இலக்கியப் பணி ஆகியவற்றுக்கே முற்றிலும் பயன்படும் கட்டடங்களுக்கு வரிவிலக்களிக்க 134ஆம் பிரிவு மாநில அதிகாரத்திற்கு இடமளிக்கின்றது. இவ்விண்ணப்பமும் ஆட்சேபமும் வெவ்வேறு வழிகள். ஒன்றை நம்பி மற்றொன்றன் கெடுவைத் தவறவிடாதிருக்க, தொடக்கத்திலேயே ஒருமுறை வழக்கறிஞரிடம் ஆலோசனை பெறுவது சிக்கனமானது.

முடிவுரை

மதிப்பீட்டு அறிவிப்பு மலாய்மொழியில் வருவதால், முதியோர் சிலர் அதனை வழக்கமான கட்டணச் சீட்டெனக் கருதி எடுத்து வைத்துவிடுவதுண்டு. அவர்களுக்கு முதலில் வேண்டியது வழக்கறிஞர் அல்லர். அதிலுள்ள கெடுநாளைப் படித்துக் காட்டும் ஒருவரே. தமிழாசிரியர்கள் அப்பணியைச் செய்ய வல்லவர்கள்.