ஐந்தடி வயரும் ஓர் உயிரும்

பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் கைத்தொழிலை நம்பி வாழ்வோர் தொகை சிறிதன்று. தச்சர், கொத்தர், சலவைக்கல் பதிப்போர், இரும்புக் கதவு செய்வோர் எனப் பலர் தருமபுரி, கிருஷ்ணகிரி, வேலூர், திருவண்ணாமலைப் பகுதிகளிலிருந்து இங்கு வந்து குடியேறியுள்ளனர். உளியும் சுத்தியலும் பிடித்த கைகளில் இன்று டிரில் மெஷினும் கிரைண்டரும் கல் அறுக்கும் கட்டரும் இருக்கின்றன. அக்கருவிகளே அவர்தம் மூலதனம். அக்கருவிகளில் முதலில் பழுதுபடும் உறுப்பு எதுவெனில், பலரும் பொருட்படுத்தாத வயரேயாகும். அதனைப் பற்றிச் சில செய்திகளை அன்பர்களுக்கு எடுத்துரைப்பதே நம் நோக்கம்.

மின்சாரத்துக்கும் இந்நாட்டுத் தமிழருக்கும் உள்ள தொடர்பு பழைமையானது. பாலக்காட்டுச் சீமையில் பிறந்த சேஷாத்திரி ஐயர் மைசூர் திவானாக இருந்த நாளில் சிவசமுத்திர மின்திட்டத்துக்கு வித்திட்டார். 1902ஆம் ஆண்டில், காவிரி வீழ்ச்சியில் பிறந்த மின்சாரம் ஏறக்குறைய 147 கிலோமீட்டர் தொலைவு கம்பிவழி சென்று கோலார் தங்கவயல் சுரங்கங்களை அடைந்தது. அச்சுரங்கங்களில் உழைத்தோருள் பெரும்பாலோர் தமிழரே. 1905இல் பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது. சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன; மின்சாரமோ நம் வீடுதோறும் நுழைந்துவிட்டது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவு பத்திரமாக வந்து சேரும் மின்சாரம், நம் கையருகே உள்ள கடைசி ஐந்தடி வயரில் நம்மை ஏமாற்றிவிடுகிறது.

சென்ற மழைக்காலத்தில் நம் இல்லத்திலேயே இது நிகழ்ந்தது. நம் மைத்துனர் தச்சு வேலை செய்பவர். அவருடைய டிரில் மெஷினின் வயர் கைப்பிடி அருகே வெடித்திருந்தது. அதன்மேல் கறுப்பு டேப் சுற்றியிருந்தார். “இது என்ன தம்பி, மாற்றக் கூடாதா?” என்று கேட்டோம். “டேப் சுத்தியிருக்கு மாமா, ஒண்ணும் ஆகாது. இந்த வேலை முடியட்டும், மாத்திடறேன்” என்றார். நாமும் வாளாவிருந்துவிட்டோம். அது நம் பிழை.

மூன்றாம் நாள், கட்டி முடியாத ஒரு வீட்டின் மாடியில், ஈரத் தரையில் நின்று அலமாரிக்குத் துளையிட்டுக்கொண்டிருந்தார். வியர்வையால் டேப் நழுவியது. கை கருவியோடு இறுகிக்கொண்டது, விடுவிக்க இயலவில்லை. உடன் வேலை செய்த பெரியவர் ஓடிச் சென்று சுவிட்சை அணைத்தமையால் உயிர் பிழைத்தார். உள்ளங்கையில் தீப்புண், பத்து நாள் கூலி இல்லை. அந்தப் பத்து நாளும் நம் தங்கையும் குழந்தைகளும் பட்ட கலக்கத்துக்குக் கணக்கில்லை. ஒரு நாட் கூலியில் சிறு பகுதியே ஒரு நல்ல வயரின் விலை என்பதை எண்ணும்போது மனம் வேதனையுறுகிறது.

டேப் ஏன் போதாது? வயரினுள் இருப்பது ஒற்றைக் கம்பியன்று. மயிரிழை போன்ற பல செப்பு இழைகள். கருவியை வயரைப் பிடித்துத் தூக்குவதாலும், பிளக்கை வயரோடு இழுத்துப் பிடுங்குவதாலும், கைப்பிடி அருகே ஓயாமல் வளைவதாலும் அவ்விழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. எஞ்சிய சில இழைகளில் முழு மின்னோட்டமும் பாய, அவ்விடம் சூடேறுகிறது. சூட்டில் டேப்பின் பசை இளகுகிறது. உள்ளே ஈரமும் சிமெண்டுத் தூளும் புகுகின்றன. வயரை ஒரு பக்கம் வளைத்தால் ஓடி, மறுபக்கம் வளைத்தால் நின்றுவிடும் கருவி, “என் வயர் உள்ளே அறுந்துவிட்டது” என்று நமக்கு அறிவிக்கிறது என்றே கொள்ளல் வேண்டும்.

“எம்.சி.பி. இருக்கிறதே, அது காக்காதா?” என்று சிலர் வினவுவர். 16 ஆம்பியர் எம்.சி.பி. சுவரிலுள்ள வயரைக் காக்கவே அமைந்தது. மனிதன் உயிருக்கோ 0.03 ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டமே ஆபத்தாகக்கூடும். அவ்வளவு சிறிய கசிவையும் உணர்ந்து மின்சாரத்தைத் துண்டிப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. என்னும் கருவி. வேலை செய்யும் இடத்தில் அது உண்டா என்று கேட்டறிதல் தொழிலாளியின் உரிமை.

மைத்துனரின் கை ஆறிய பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் அமர்ந்து அவ்வயரை மாற்றினோம். அம்முறையை இங்கே வரிசையாகக் கூறுவோம். கருவி உத்தரவாதக் காலத்தில் இருப்பின் திருகாணியைத் தொடாமல் கம்பெனியின் பழுது நிலையத்துக்கே கொண்டு செல்க. மற்றவை கவனமுள்ள கைக்கு அரிய வேலையல்ல.

முதலாவது, பிளக்கைப் பிடுங்கி நம் கண் முன்னே வைத்துக்கொள்ள வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

இரண்டாவது, கருவியின் பெயர்த்தகட்டைப் படித்தல். அதில் ஒரு சதுரத்துக்குள் மற்றொரு சதுரம் பொறித்திருப்பின், அது இரட்டைக் காப்புடைய கருவி. அதற்கு இரண்டு கோர் வயர் போதும். அக்குறி இல்லாத உலோக உடற்கருவிக்கு எர்த்துடன் கூடிய மூன்று கோர் வயரே வேண்டும். மூன்று கோர் இருந்த இடத்தில் இரண்டு கோர் மாட்டுவது உயிரோடு விளையாடுவதாகும்.

மூன்றாவது, வயரின் கனம். வாட்டை 230ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 600 வாட் டிரில் ஏறத்தாழ 2.6 ஆம்பியரும், 1300 வாட் கல் கட்டர் 5.7 ஆம்பியரும் இழுக்கும். 6 ஆம்பியர் வரை 0.75 சதுர மில்லிமீட்டரும், 10 ஆம்பியர் வரை 1 சதுர மில்லிமீட்டரும், 16 ஆம்பியர் வரை 1.5 சதுர மில்லிமீட்டரும் கொள்ளலாம். பழைய வயரைவிட மெல்லியது ஒருபோதும் ஆகாது. எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் இவையனைத்தும் கிடைக்கும், ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா என்று பார்த்து, ரப்பர் உறையிட்ட வயராகக் கேட்டு வாங்குதல் நன்று.

நான்காவது, கருவியைத் திறத்தல். திருகாணிகளைக் கழற்றி மேல்மூடியை மெல்ல எடுக்க வேண்டும். கார்பனைத் தாங்கும் சுருள்வில் துள்ளி ஓடிவிடக்கூடும். எதையும் கழற்றுமுன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்க. எந்த வயர் எங்கே சென்றது என்ற ஐயம் பிறகு எழாது.

ஐந்தாவது, புது வயரை மாட்டுதல். வயர் வளையாமல் காக்கும் ரப்பர் உறையை முதலிலேயே புது வயரில் கோத்துவிட வேண்டும். இதை மறந்து எல்லாவற்றையும் மாட்டிவிட்டு மறுபடி கழற்றியோர் பலர். நாமும் அவர்களுள் ஒருவரே. நுனியில் இழைகளை அறுக்காமல் தோலுரித்து, முறுக்கி, பழைய வயர் இருந்த இடத்திலேயே இறுக்க வேண்டும். ஓர் இழையும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கலாகாது. கருவிக்குள் உள்ள கிளாம்ப் வயரின் வெளியுறையைக் கவ்வ வேண்டும். உள்ளிருக்கும் வண்ண வயர்களைக் கவ்வலாகாது. இழுக்கும் பளு அனைத்தையும் தாங்குவது அக்கிளாம்பே.

ஆறாவது, பிளக். பழைய வழக்கில் சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். புது வழக்கில் பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். தடித்த நீண்ட முள்ளே எர்த்துக்குரியது. எர்த் வயரைப் பிளக்கினுள் மற்றவற்றைவிடச் சற்று நீளமாக விடுக. வயர் இழுபட்டாலும் அது கடைசியிலேயே அறும்.

ஏழாவது, சோதனை. மூடுமுன் மல்டிமீட்டரால் ஒவ்வொரு கோரும் பிளக் முள்ளிலிருந்து உள்முனை வரை தொடர்கிறதா என்று காண்க. மூடியபின், சுவிட்சை அழுத்தியபடி பேஸ், நியூட்ரல் முட்களுக்கும் கருவியின் உலோகப் பகுதிக்கும் இடையே தொடர்பு ஏதும் இல்லை என்று உறுதி செய்க. எர்த் உள்ள கருவியாயின், எர்த் முள்ளும் உடலும் கட்டாயம் தொடர்புற்றிருக்க வேண்டும். ஐயம் சிறிதேனும் இருப்பின், மெக்கர் வைத்திருக்கும் மின்பழுது பார்ப்போரிடம் காட்டிய பின்னரே பயன்படுத்துக.

இன்னொரு சிக்கன வழியும் உண்டு. வயர் கைப்பிடி அருகே மட்டும் பழுதாகி, எஞ்சிய பகுதி நன்றாக இருப்பின், பழுதை வெட்டி நீக்கிவிட்டு மீதியை மறுபடி மாட்டலாம். நடுவில் முடிச்சுப்போட்டு ஒட்டுவது மட்டும் கூடாது.

எவரேனும் மின்சாரத்தில் சிக்கக் கண்டால், அவரைத் தொடாமல் முதலில் சுவிட்சை அணைக்க வேண்டும். இயலாவிடில் உலர்ந்த மரக்கட்டையால் வயரை விலக்க வேண்டும். பின்னர் 108க்குச் சொல்க. மற்றொன்று: 18 முதல் 60 வயதுக்குட்பட்டு, ஓராண்டில் 90 நாள் கட்டட வேலை செய்தோர் நலவாரியத்தில் பதிந்துகொள்ளலாம். அயலூரிலிருந்து வந்தவர் என்பதால் தயங்க வேண்டுவதில்லை. விபத்து வந்தபின் பதிய ஓடுவதால் பயனில்லை.

ஊரையும் உறவையும் விட்டுப் பிழைப்புக்கு வந்தவர்கள் நாம். ஊரிலே காத்திருப்போர்க்கு நாம் அனுப்பும் பணத்தைவிட நம் உயிரே பெரிது. இன்றிரவு வீடு திரும்பும் அண்ணனோ தம்பியோ மாமனோ கொண்டுவரும் கருவிப்பையை ஒருமுறை திறந்து பாருங்கள். டேப் சுற்றிய வயர் கண்ணிற்பட்டால், நாம் இருந்ததுபோல் வாளாவிராதீர்கள். “நாளைக்கு இதை எடுத்துக்கொண்டு போக வேண்டாம்” என்று உரிமையோடு சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும்.