அன்பளிப்புப் பால் பவுடரும் உற்பத்தியாளர் விலையும்

பொதுநல நோக்குடன் தோன்றிய நிறுவனங்கள் வாணிக நிறுவனங்களுடனோ வெளிநாட்டு அமைப்புகளுடனோ உடன்பாடு செய்துகொள்ள நேரும்போது, கொள்கையை விடுவதா வாய்ப்பை விடுவதா என்ற கேள்வி எழுவது இயல்பு. நம் நாட்டின் பால் கூட்டுறவு இயக்கம் இக்கேள்விக்குக் கண்ட விடை ஆராயத் தக்கது.

குஜராத்தின் கேடா மாவட்டத்தில் அவ்வியக்கம் பிறந்ததே ஒரு வாணிக உறவின் கசப்பிலிருந்துதான். பம்பாய் நகருக்குப் பால் திரட்டி அனுப்பும் உரிமை போல்சன் என்ற தனியார் நிறுவனத்திடம் இருந்தது. நகரில் பால் என்ன விலைக்கு விற்றாலும், மாடு வளர்ப்போர் இடைத்தரகர் கொடுத்ததையே பெற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. 15 நாட்கள் பால் ஊற்ற மறுத்துப் போராடிய பின்னர், 1946 டிசம்பரில் அவர்களது கூட்டுறவு ஒன்றியம் பதிவு பெற்றது. ஆயினும் ஒன்றியம் வெளியுதவியை வெறுத்து ஒதுங்கிவிடவில்லை. 1955-இல் ஆனந்தில் தொடங்கிய பால் பண்ணைக்கு யுனிசெஃப் இயந்திரங்கள் வழங்கியது. ஈடாக, ஏழைக் குழந்தைகளுக்கு இலவசப் பால் அளிக்க ஒன்றியம் இசைந்தது.

உண்மையான சோதனை 1970-இல் வந்தது. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்திடம் பால் பொருள்கள் மலைபோல் குவிந்திருந்தன. உலக உணவுத் திட்டத்தின் வாயிலாக 1,26,000 டன் கொழுப்பு நீக்கிய பால் பவுடரும் 42,000 டன் வெண்ணெய் எண்ணெயும் நமக்கு அன்பளிப்பாக அளிக்க ஏற்பாடாயிற்று. அவற்றை நகரங்களில் மலிவாக விற்றால் பால் விலை வீழும். கிராமத்து உற்பத்தியாளர் மாட்டை விற்றுவிடுவார். மறுத்தாலோ, குளிரூட்டும் நிலையங்களுக்கும் பால் வண்டிகளுக்கும் வேண்டிய முதலீட்டுக்கு வழியில்லை.

வர்கீஸ் குரியன் தலைமையிலான தேசியப் பால்வள வாரியம் பவுடரை ஏற்றது. இலவசமாக வழங்க மட்டும் மறுத்தது. அதைக் கரைத்துத் தயாரிக்கும் பால், உள்நாட்டுப் பாலின் விலையைக் கெடுக்காதபடி விற்பனை விலை வகுக்கப்பட்டது. விற்ற பணம் கூட்டுறவுகளை வளர்க்க முதலீடாயிற்று. ‘ஆபரேஷன் ஃபிளட்’ எனும் பால் பெருக்குத் திட்டத்தின் உயிர்நாடி இந்த விலை ஏற்பாடே. (நம் கோப்புகளில் விலை பற்றிய பகுதி பெரும்பாலும் கடைசி இணைப்பில்தான் கிடக்கும்!) பண்ணைகளின் உடைமையும் கொடையாளரிடம் செல்லவில்லை. முதற்கட்டத்தில் 18 பால் உற்பத்திப் பகுதிகள் டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களுடன் இணைக்கப்பட்டன.

இவ்வேற்பாடு குறையற்றது எனக் கூறிவிட முடியாது. நகரப் பண்ணைகள் எளிதில் கிடைக்கும் பவுடரையே நாடும், நாடு அந்நியக் கொடைக்கு அடிமையாகும் என்று 1980-களில் கடும் கண்டனங்கள் எழுந்தன. எல்.கே. ஜா தலைமையில் ஒரு குழுவும் திட்டத்தை மதிப்பிட்டது. அந்த அச்சம் ஆதாரமற்றதன்று. அன்பளிப்பு வரும் வரையில் அது கண்காணிக்கப்பட வேண்டியதாகவே இருந்தது. திட்டத்துக்கு முன் ஆண்டுக்கு 22,000 டன்னாக இருந்த உள்நாட்டுப் பால் பவுடர் உற்பத்தி, 1989-க்குள் 1,40,000 டன்னாக உயர்ந்தது. அந்த உயர்வு முழுவதும் இத்திட்டத்தின்கீழ் அமைந்த பண்ணைகளிலிருந்தே வந்தது.